பத்துச் சுற்றில் பேய் தெரியும்

2003ஆம் ஆண்டில் வெள்ளிக்கிழமை மதியம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போன யாரும் நேரத்துக்கு ஊர் போய்ச் சேர்ந்ததில்லை. ஓட்டுநர்கள் மேல் தப்பு இல்லை. நெம்மேலியைத் தாண்டித் தென்னந்தோப்பு வந்ததும் முக்கால்வாசிப் பேருந்து இறங்கும். இறங்குகிற அத்தனை பேருக்கும் பேய். செங்கல்பட்டுப் பேய், கூடுவாஞ்சேரியிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்த பேய், குடும்பத்தோடு வேன் பிடித்து வந்த பேய். நாட்டில் மனிதர்களைவிடப் பேய்கள்தான் அதிகம் டிக்கெட் வாங்கிப் பயணம் செய்கின்றன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தோப்புக்குள் இருந்தது சுழல் பீடம். அதற்கு அதிபதி சக்கரசித்தர். பெற்றோர் வைத்த பெயர் திருவேங்கடம். பீடம் என்றதும் கருங்கல் என்று நினைத்துவிடாதீர்கள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கல்லுக்கா பஞ்சம்? ஆனால் கல் சுற்றாதே. அதனால் சித்தர் எங்கோ ஏலத்தில் விட்ட ஆபீஸ் சுழல் நாற்காலி ஒன்றை வாங்கி, அதன் காலைச் சிமெண்டில் பதித்து, முதுகில் பித்தளைத் தகடு அடித்து, கைப்பிடியில் வேப்பிலை கட்டியிருந்தார். ஒரு காலத்தில் அதில் ஏதோ ஓர் அதிகாரி உட்கார்ந்து தூங்கியிருப்பார். இப்போது அதற்குத் தீபாராதனை நடந்தது.

முறை ரொம்ப எளிது. பேய் பிடித்தவரை உட்கார வைத்துக் கண்ணில் மஞ்சள் துணி கட்டுவார்கள். இரண்டு சீடர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று பத்துச் சுற்று சுற்றுவார்கள். நாற்காலியின் அடியில் டயர் ரப்பர் ஒட்டிய ஒரு மிதிகட்டை உண்டு. சித்தர் அதை ஓங்கி ஒரு மிதி மிதிப்பார். நாற்காலி வடக்கு பார்த்து டக்கென்று நிற்கும். துணியை அவிழ்த்து, இமையை விரலால் விரித்துக் காட்டுவார். உள்ளே கருவிழி ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுக்கும். கூட்டம் எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். கண் கிழக்கே வெட்டினால் கடலில் மூழ்கிச் செத்தவன். மேற்கே வெட்டினால் புளியமரத்தில் தொங்கியவள். பத்துச் சுற்று சுற்றியும் பேய் இல்லாத ஆள் என்று ஒருவர்கூட அந்தத் தோப்பில் அகப்படவில்லை. இது ஒன்றே போதும், சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

எனக்கும் வரவில்லை என்பதை மானம் வெட்கம் இல்லாமல் சொல்லிவிடுகிறேன். மாமல்லபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ‘பத்துச் சுற்றில் பேய் தெரியும்’ என்ற நோட்டீசை அடித்துக் கொடுத்தவனே நான்தான். அச்சடித்தவனுக்கு இலவசம் என்று சித்தர் அன்போடு அழைத்தார். போய் உட்கார்ந்தேன். ஐந்தாறு சுற்றிலேயே நாற்காலி நின்றுவிட்ட மாதிரி இருந்தது. அவர் நிஜமாகவே நிறுத்தியபோது அது எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. துணியை அவிழ்த்தால் தென்னை மரங்கள் ஓடுகின்றன. எனக்குக் கடல்பேய் என்றார். நீச்சல் தெரியாத எனக்குள் அது எப்படி வந்து தங்கியது என்று கேட்கத் தோன்றாமல் நான்கு வெள்ளி சுற்றிவிட்டு வந்தேன்.

நாலாவது வெள்ளிக்கு ‘இறக்கம்’ என்று பெயர். அன்றைக்கு மிதி கிடையாது. சித்தர் கட்டையில் காலை இலேசாக வைத்து வைத்து எடுப்பார். நாற்காலி தேர் நிலைக்கு வருவதுபோல ஆடி அசைந்து நிற்கும். துணியை அவிழ்த்தால் கண் அசையாது. பேய் போய்விட்டது. தட்சிணை மட்டும் இருக்கும்.

படிக்காத ஜனங்கள், பாவம், என்று உச்சுக் கொட்டாதீர்கள். முதல் வரிசையில் யார் உட்கார்ந்திருப்பார் தெரியுமா? ராமானுஜம். பக்கத்து அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் பெரிய உத்தியோகம். பேருக்குப் பின்னால் ஒன்றரை வரிக்குப் பட்டம். பகல் முழுக்கச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து அணுவைப் பிளந்துவிட்டு, சாயங்காலம் இங்கே வந்து அதே சுழல் நாற்காலிக்கு முன்னால் விழுந்து கும்பிடுவார். “இது பிரபஞ்ச அதிர்வு சார். சயின்ஸ் இங்கே வரைக்கும் இன்னும் வரலை” என்று எனக்கு விளக்கினார். சயின்ஸ் வந்தது. சைக்கிளில் வந்தது. அதைச் சொல்வதற்கு முன் அம்சாவைச் சொல்லவேண்டும்.

அம்சாவின் புருஷன் கண்ணாயிரம் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். நல்லவன், ஆனால் அம்மா பேச்சைத் தாண்ட மாட்டான். அவர்களுக்கு ஒன்பது மாதத்தில் ஒரு பெண் குழந்தை, கீர்த்தனா. ஒருநாள் வேனைத் துடைத்துக்கொண்டிருந்த அம்சா நிமிரும்போது மேல்கதவில் தலையை நன்றாக இடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து தலைசுற்றல். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேல் அலமாரியை அண்ணாந்து பார்த்தவள் அப்படியே சரிந்தாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவளுடைய மாமியார் முனியம்மா பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், நேரே சுழல் பீடம்.

பத்துச் சுற்று. புளியமரப் பேய். அது இறங்கும்வரை பெற்ற பிள்ளையைத் தொடக்கூடாது என்றார் சித்தர். குழந்தை கூடுவாஞ்சேரியில் இருக்கிற நாத்தனார் லோகநாயகி வீட்டுக்குப் போனது. நாலாவது வெள்ளி இறக்கம் ஆயிற்று, கண் நின்றது. வீட்டுக்கு வந்து படுத்து வலப்பக்கம் திரும்பினாள் அம்சா. உத்தரம் சுற்றியது. மறுபடி நான்கு வெள்ளி. மறுபடி இறக்கம். மறுபடி உத்தரம் சுற்றியது. இரண்டு மாதமாகக் குழந்தையை மடியில் வைக்கவில்லை. பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. அதையும் பேய்க் கணக்கில் சேர்த்தார்கள்.

சித்தருக்கு இது பெரிய தலைவலி. ஒரு கேஸ் குணமாகவில்லை என்றால் மற்றதும் யோசிக்கும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். இது ஏழு தலைமுறைப் பேய், இறங்காது, குழந்தையை நாத்தனாருக்கே தாரை வார்த்துக் கொடுத்துவிட வேண்டும், வருகிற வெள்ளி பீடத்தின் முன்னால் வெற்றிலை வைத்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் குழந்தைக்கும் சுற்றும் என்று சொல்லிவிட்டார். லோகநாயகி பொல்லாதவள் இல்லை. குழந்தை நல்லாயிருந்தால் போதும் என்று அழுதுகொண்டேதான் ஒப்புக்கொண்டாள். கண்ணாயிரமும் தலையாட்டினான். தலையாட்டுவதற்குத் தோப்பில் தனியாக யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அம்சா வீட்டுக்கு அடுத்த போர்ஷனில் குடியிருந்தவள் ஜெஸ்ஸி. தூத்துக்குடிப் பக்கம். செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் நர்ஸ். பேருந்து நிறுத்தத்துக்குச் சைக்கிளில் போய் வருவாள். வியாழக்கிழமை துணி காயப்போட அண்ணாந்த அம்சா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட, ஜெஸ்ஸி சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். எப்போதெல்லாம் சுற்றுகிறது என்று கேட்டாள். இந்தக் கேள்வியை இரண்டு மாதத்தில் யாருமே அம்சாவைக் கேட்டிருக்கவில்லை.

“படுத்துகினு வலப்பக்கம் திரும்பினா சுத்தும்க்கா. அண்ணாந்து பாத்தா சுத்தும். அரை நிமிஷம் கூட இருக்காது. நின்னுடும்.”

“இடப்பக்கம் திரும்பினா?”

“ஒண்ணியும் இல்ல.”

“வலது இடது பாத்து வர்ற பேயா? டிராபிக் போலீஸ்ல இருந்து செத்திருக்கும்போல” என்றாள் ஜெஸ்ஸி. இரண்டு மாதம் கழித்து அம்சா அன்றைக்குத்தான் சிரித்தாள்.

இது காதுக்குள் இருக்கிற கோளாறு, நாளைக்கே டாக்டரிடம் காட்டலாம் என்று ஜெஸ்ஸி முனியம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். முனியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: “காது நல்லா கேக்குது அவளுக்கு. நான் திட்டறது அத்தனையும் கேக்குது. தலைல கீற பேய்க்கு காதுல இன்னாத்துக்கு வைத்தியம்?” ஜெஸ்ஸி மறுநாள் லீவு போட்டுவிட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டு தோப்புக்கு வந்தாள்.

அன்றைக்குக் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். பிள்ளையைத் தாரை வார்ப்பதை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். ஊரில் துக்கம் என்றால் ஜனங்களுக்குத் தாம்பூலம் வைத்துக் கூப்பிட வேண்டியதில்லை. ஜெஸ்ஸி முன்னால் போய் நின்று, ஐந்தாறு பேரைச் சுற்றுவதைப் பார்த்தாள். யாரும் சித்தரின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் மட்டும் அவருடைய காலைப் பார்த்தாள். பிறகு அம்சாவின் காதில் ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள்.

லோகநாயகி குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். குழந்தை அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டியது. அம்சா நீட்டவில்லை. தட்டில் வெற்றிலை வந்தது. சித்தர், “உன் வாயால் கொடுத்தேன் என்று சொல் தாயே” என்றார்.

அம்சா எழுந்து நின்றாள். குரல் கடைசி வரிசைக்கும் கேட்டது.

“குட்த்துடறேன் சாமி. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. பேய் இல்லாத கண்ணு எப்டி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல. நீங்க உக்காருங்க. நான் சுத்தறேன். உங்க கண்ணு நின்னுகினு இருந்தா புள்ளைய இப்பவே குட்த்துடறேன்.”

கூட்டம் சலசலத்தது. யாருக்கும் இதில் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை. சாமியின் கண்ணில் பேய் இருக்குமா என்ன? ராமானுஜம் எழுந்தே விட்டார். இது சரியான பரிசோதனை, அறிவியல் முறைப்படியே நிரூபித்துவிடலாம் என்று சித்தருக்காக வாதாடினார். பக்தர்கள் கையைத் தட்டினார்கள். சித்தருக்குத்தான் முகம் மாறியது. பீடத்தில் அடியேன் அமர்வதில்லை என்றார். ஏன் என்று கேட்டார்கள். அது தெய்வத்தின் இடம் என்றார். அப்படியானால் இத்தனை மாதம் நாங்கள் அதில் உட்கார்ந்தோமே என்று ஒரு லாரிக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. தன்னுடைய பக்தர்களாலேயே தள்ளப்பட்டுச் சித்தர் நாற்காலியில் விழுந்தார்.

அவர் பழைய தொழில் என்னவென்று பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். திருவிழாக்களில் குடை ராட்டினம் சுற்றியவர். வேகமாக நிறுத்தினால் இறங்குகிறவன் தள்ளாடுவான், மெதுவாக நிறுத்தினால் நேராக நடப்பான் என்று இருபது வருஷம் பார்த்துப் படித்தவர். சுற்றியவர்தானே தவிர, ஏறி உட்கார்ந்தவர் இல்லை.

மஞ்சள் துணியைக் கட்டினார்கள். சீடர்கள் சுற்றினார்கள். அம்சா மிதிகட்டையின் பக்கத்தில் போய் நின்றாள். ஜெஸ்ஸி கூட்டத்தைப் பார்த்து எல்லாருக்கும் கேட்கும்படி, நாற்காலி இப்போது கிழக்கே, கடல் பக்கமாகச் சுற்றுகிறது, ஆகவே சாமிக்கு வரப்போவது புளியமரப் பேய், வேண்டுமானால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். நான் நோட்டீசின் பின்பக்கத்தில் எழுதியே வைத்தேன்.

ஏழாவது சுற்றில் சித்தருக்குச் சித்தம் கலைந்தது. கட்டிய துணிக்குள்ளிருந்து கத்தினார்: “டேய், மெதுவா நிறுத்துங்கடா. மிதிச்சிடப் போறா. மெதுவாடா.”

பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

“ஏன் சாமி?” என்றாள் ஜெஸ்ஸி. “எப்படி நிறுத்தினா என்ன? பேய் உள்ளே இருந்தா இருக்கும். இல்லாட்டி இல்லை. மெதுவா நிறுத்தினா மட்டும் எப்படி இல்லாமப் போகும்?”

பத்தாவது சுற்று. வடக்கு பார்க்க வந்ததும் அம்சா கட்டையை மிதித்தாள். இரண்டு மாதக் கோபம் அந்தக் காலில் இருந்தது. நாற்காலி நின்றது. சித்தர் நிற்கவில்லை, ஒரு பக்கமாகச் சரிந்து வேப்பிலையைப் பிடித்துக்கொண்டார். முதலில் ஓடிப்போய்த் துணியை அவிழ்த்தவள் முனியம்மா. இமையை அவளே விரித்துப் பார்த்தாள். கருவிழி மேற்கே வெட்டி வெட்டி இழுத்தது. நிதானமாகத் திரும்பினாள்.

“சாமிக்கும் புளியமரந்தான் கீது” என்றாள்.

மேற்குப் பக்கமாகவும் சுற்றிப் பார்க்கலாம் என்று லாரிக்காரர் சீடர்களை விலக்கிவிட்டுத் தானே சுற்றினார். இந்தத் தடவை கடல்பேய் என்று ஜெஸ்ஸி முன்கூட்டியே சொன்னாள். அதேதான் வந்தது. ஒரே ஆளுக்கு ஐந்து நிமிடத்தில் இரண்டு பேய். வாந்தியும் வந்தது. கூட்டத்தில் இருந்து சிரிப்பு கிளம்பிற்று. ராமானுஜம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஜெஸ்ஸி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். அதில் ஒரு வேப்பிலையைக் கிள்ளிப் போட்டுச் சொம்பைத் தரையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தாள். முதலில் சும்மா கிடந்த இலை, கொஞ்ச நேரத்தில் சொம்போடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தது. சொம்பைச் சட்டென்று பிடித்து நிறுத்தினாள். இலை நிற்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. நம் காதுக்குள்ளும் இந்த மாதிரி தண்ணீர் இருக்கிறது என்றாள். ஒவ்வொரு காதிலும் மூன்று சின்ன வளையக் குழாய்கள். தலை திரும்பினால் உள்ளே நீர் பின்தங்கி, அங்கிருக்கும் மெல்லிய மயிர்களை வளைக்கும். அதை வைத்துத்தான் மூளை நாம் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று தெரிந்துகொள்கிறது. சுற்றிக்கொண்டே இருந்தால் நீரும் கூடவே சேர்ந்து ஓடும், நின்றுவிட்ட மாதிரி இருக்கும். சட்டென்று நிறுத்தினால் நீர் மட்டும் ஓடும், மூளை ஏமாந்து கண்ணை இழுக்கும். மெதுவாக நிறுத்தினால் நீரும் மெதுவாக நிற்கும். காது இருக்கிற எல்லாருக்கும் இது வரும். வராவிட்டால்தான் டாக்டரிடம் போக வேண்டும்.

அப்படியானால் சுற்றாமலே அம்சாவுக்கு ஏன் சுற்றுகிறது என்று கண்ணாயிரம் கேட்டான். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவன் அம்மாவைக் கேட்காமல் கேட்ட முதல் கேள்வி அது. காதுக்குள் ஒரு பக்கம் சுண்ணாம்பு மாதிரித் துணுக்குகள் ஒட்டியிருக்கும், வேன் கதவில் இடித்ததில் உதிர்ந்து குழாய்க்குள் விழுந்திருக்கும், தலை திரும்பும்போது அது உருண்டு நீரைத் தள்ளுகிறது என்றாள் ஜெஸ்ஸி.

ஜமக்காளத்தை விரித்து அம்சாவை உட்கார வைத்தாள். ஆறு வருஷமாக டாக்டர் பக்கத்தில் நின்று செய்த வேலை. தலையை வலப்பக்கம் திருப்பிச் சட்டென்று மல்லாத்தினாள். அம்சா வீல் என்று கத்திக்கொண்டு ஜமக்காளத்தைப் பிடித்தாள். கண் துடித்தது, அடங்கியது. தலையை இடப்பக்கம் திருப்பினாள், காத்திருந்தாள். உடம்போடு ஒருக்களித்து முகம் தரையைப் பார்க்கத் திருப்பினாள், காத்திருந்தாள். எழுப்பி உட்கார வைத்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மந்திரம் இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்சாவைப் படுத்து வலப்பக்கம் திரும்பச் சொன்னாள். அவளுக்குப் பயம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு திரும்பினாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்தாள். மற்றதையும் திறந்தாள். தென்னை மரங்கள் இருந்த இடத்தில் இருந்தன. எழுந்து அண்ணாந்து பார்த்தாள். விழவில்லை. நேராக லோகநாயகியிடம் போய் யாரையும் கேட்காமல் குழந்தையை வாங்கிக்கொண்டாள். லோகநாயகி வெற்றிலைத் தட்டைக் காலால் ஒதுக்கினாள். முனியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, அதை மறைப்பானேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் நல்ல மனிதர்களைப் பற்றி எழுதிவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் நம் ஜனங்கள் அப்படி விட்டுவிடுவார்களா? முதலில் ஒரு கிழவர் ஜெஸ்ஸியின் காலைத் தொட்டார். பின்னால் இன்னொருவர். சித்தருக்குக் கொண்டுவந்த மாலையை ஒருவர் அவள் கழுத்தில் போடப் பார்த்தார். யாரோ கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். “அம்மாவோட கையில சக்தி இருக்கு. வெள்ளிக்கிழமை தோறும் வருவீங்களா?” என்று பயபக்தியோடு கேட்டார், செருப்பு கிடைத்து வந்த ராமானுஜம். அவருக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. சித்தரைச் சுற்றிய லாரிக்காரர்தான் வரிசையை ஒழுங்குபடுத்தினார்.

ஜெஸ்ஸி மாலையைத் தள்ளினாள். இதில் சக்தி ஒன்றும் இல்லை, அம்சாவுக்கே திரும்ப வந்தாலும் வரும், வந்தால் திரும்பச் செய்ய வேண்டும், எல்லாத் தலைசுற்றலும் இது இல்லை, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினாள். யார் காதில் விழுந்தது? திரும்ப வரலாம் என்று உண்மையைச் சொல்கிறவளை நம்ப அவர்களுக்குப் பழக்கம் இல்லை. அவளுடைய சைக்கிளுக்கு ஒருத்தி குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள்.

அம்சா அந்த வரிசையின் முன்னால் வந்து நின்றாள். குழந்தை அவள் தோளில் தூங்கிவிட்டது. கற்பூரத் தட்டை வாங்கி மண்ணில் கவிழ்த்தாள்.

“ரெண்டு மாசமா எனுக்குத் தல சுத்திகினு இருந்துது. எனுக்கே புரிஞ்சிட்ச்சி” என்றாள். “உங்க தலைங்க நேராத்தானே நிக்குது. அத்த வெச்சிகினு இன்னாதான் பண்றீங்க?”